காற்றில் கலந்த தூசும் கணக்கிடும் கல்வியும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றப்பெற்ற உரை)

 

இவ்விழா மேடையில் கல்வி, வேலைவாய்ப்பு, சட்ட உரிமை ஆகியவை குறித்து அறிஞர் பலர் உரையாற்றினர். நமக்கு அளிக்கப்பெற்ற பொருள் சற்றே வேறுபட்டது. நகரத்துக் காற்றில் மிதக்கும் நுண்ணிய தூசையும், அதனை அளந்தறியும் முறையையும் பற்றியது அது. பசியும் வேலையின்மையும் வாட்டும் வேளையில் தூசைப் பற்றிய ஆராய்ச்சி எதற்கு என்று சிலர் கருதக்கூடும். அந்தக் கேள்விக்கு விடை கூறிவிட்டே பொருளுக்குள் செல்லுதல் முறையாகும்.

1924 ஆம் ஆண்டில் இரட்டைமலை சீனிவாசனார் சென்னைச் சட்டமன்றத்தில், பொதுச் சாலையிலும் பொதுக் கிணற்றிலும் நம் மக்களுக்கு உரிமை வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். 1927 ஆம் ஆண்டில் அண்ணல் அம்பேத்கர் மகாத் நகரத்துச் சவுதார் குளத்து நீரை மக்களோடு சேர்ந்து அள்ளிப் பருகினார். சாலைக்கு வேலியிடலாம், குளத்துக்குக் காவல் வைக்கலாம், காற்றுக்கு வேலி ஏது என்பர். வேலியில்லாத அந்தக் காற்றும் எல்லோருக்கும் ஒரே தன்மையுடையதாய் வந்து சேர்வதில்லை. குப்பை மேட்டின் அருகில் வாழ்பவர் யார்? அனல்மின் நிலையத்துச் சாம்பலின் பக்கம் குடியிருப்பவர் யார்? விடியற்காலையில் தெருவைப் பெருக்குபவர் யார்? கல்லுடைப்பவர் யார்? இவற்றின் விடையை இங்கே அமர்ந்திருக்கும் ஒவ்வொருவரும் அறிவோம். ஆனால் அறிந்திருத்தல் வேறு, மெய்ப்பித்தல் வேறு. மெய்ப்பிக்க எண் வேண்டும். எண்ணைப் பெற அளவீடு வேண்டும். ஆகவேதான் இப்பொருள் நமக்கு உரியதாகின்றது.

தூசு என்பது யாது?

கண்ணுக்குத் தெரியும் தூசு நம்மை மிகுதியாக அச்சுறுத்துகின்றது. உண்மையில் கண்ணுக்குத் தெரியாத தூசே கொடியது. ஒரு மில்லி மீட்டரை ஆயிரம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு ஒரு மைக்ரோ மீட்டர் ஆகும். நம் தலைமயிரின் தடிமன் ஏறத்தாழ 50 முதல் 70 மைக்ரோ மீட்டர் இருக்கும். பத்து மைக்ரோ மீட்டரும் அதற்குக் குறைந்த அளவும் உடைய துகள்களை அறிவியலார் 'பி.எம். 10' என்று குறிப்பர். இரண்டரை மைக்ரோ மீட்டரும் அதற்குக் குறைந்தனவும் 'பி.எம். 2.5' எனப்படும்.

பெரிய துகளை மூக்கின் மயிரும் சளியும் தடுத்து நிறுத்திவிடும். பத்து மைக்ரோ மீட்டர்த் துகள் மூச்சுக் குழாய்க்குள் இறங்கும். இரண்டரைக்குக் குறைந்தது நுரையீரலின் காற்றுச் சிற்றறைகள் வரை சென்று தங்கும். அதனினும் நுண்ணியது குருதியில் கலக்கவும் வல்லது. இதனால்தான் நுண்தூசு நுரையீரலை மட்டுமன்றி இதயத்தையும் மூளையின் இரத்தக் குழாய்களையும் தாக்குகின்றது. 2013 ஆம் ஆண்டில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் வெளிக்காற்று மாசினை மனிதர்க்குப் புற்றுநோய் விளைவிக்கும் காரணிகளின் முதல் வகையில் சேர்த்தது. 2019 ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 42 இலட்சம் பேர் வெளிக்காற்று மாசினால் காலத்துக்கு முன்னரே இறந்தனர் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணிப்பு.

இத்துகள்கள் எங்கிருந்து வருகின்றன? சாலை மண், கட்டட வேலை, கல் குவாரி ஆகியவை பெருந்துகளைத் தருகின்றன. டீசல் வண்டி, நிலக்கரி, விறகு, குப்பை, டயர் என எரிவன யாவும் நுண்துகளைத் தருகின்றன. நிலக்கரி எரிகையில் வெளிப்படும் கந்தக வாயு, காற்றில் நெடுந்தொலைவு செல்லும்போது வேதி மாற்றமடைந்து தானே துகளாகி விடுவதும் உண்டு. ஆகையால் புகைபோக்கி ஓரிடத்திலும் அதன் தூசு வேறோரிடத்திலும் இருக்கும். நகரத்தை மட்டும் அளந்து சுற்றுப்புறத்தை விட்டுவிட்டால் கணக்கு நிறைவு பெறாது என்பதற்கு இதுவே காரணம்.

அளந்ததனால் விளைந்தவை

1870 ஆம் ஆண்டில் ஜான் டிண்டால் என்னும் அறிவியலார் இலண்டன் மாநகரில் தூசும் நோயும் என்னும் பொருள்பற்றிச் சொற்பொழிவு ஆற்றினார். தூய்மையானதாய்த் தோன்றும் காற்றினூடே வலிமை மிக்க ஒளிக்கற்றையைச் செலுத்தி, அதில் மிதக்கும் தூசை அவையோர்க்குக் கண்கூடாகக் காட்டினார். நம் ஓலைக் குடிசையின் துளை வழியே நுழையும் வெயிலில் தூசு மினுங்குவதை நாமும் கண்டதுண்டு. இன்று விற்பனைக்கு வரும் சிறு கருவிகள் பலவும் இதே தத்துவத்தில்தான் இயங்குகின்றன.

1952 டிசம்பர் 5 முதல் 9 வரை இலண்டன் நகரை நிலக்கரிப் புகையும் பனியும் சேர்ந்து மூடின. அந்நகரில் அப்பொழுதே புகையை அன்றாடம் அளக்கும் நிலையங்கள் இருந்தன. புகையின் அளவையும் இறந்தோர் கணக்கையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோது, இரண்டும் ஒருங்கே ஏறி ஒருங்கே இறங்கியது புலனாயிற்று. ஏறத்தாழ 4,000 பேர் மிகுதியாக இறந்தனர் என்று முதலில் கணிக்கப்பட்டது. பிற்கால ஆய்வுகள் அத்தொகை 12,000 வரை இருக்கலாம் என்றன. 1956 ஆம் ஆண்டில் தூய காற்றுச் சட்டம் பிறந்தது. அளவீடு இல்லாதிருந்தால் அச்சாவுகள் குளிர்காலத்துச் சாவுகள் என்றே எழுதப்பட்டு மறக்கப்பட்டிருக்கும்.

அமெரிக்க நாட்டில் ஆறு நகரங்களைத் தேர்ந்து, 8,111 பேரை 14 முதல் 16 ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்தனர். 1993 ஆம் ஆண்டில் அதன் முடிவு வெளியாயிற்று. புகைபிடித்தல் முதலிய பிற காரணங்களைக் கழித்துப் பார்த்த பின்னரும், தூசு மிகுந்த ஸ்டூபன்வில் நகரத்தாரின் இறப்பு வீதம், தூசு குறைந்த போர்ட்டேஜ் நகரத்தாரைவிட 26 விழுக்காடு மிகுதியாக இருந்தது. அதன் பின்னரே உலக நாடுகள் நுண்தூசுக்கெனத் தனி வரம்பு விதிக்கத் தொடங்கின.

அளக்கும் முறை

தூசினை நிறுத்து அளத்தலே அடிப்படை முறை. முதலில் மெல்லிய வடிதாள் ஒன்றை ஈரப்பதம் கட்டுப்படுத்தப்பட்ட அறையில் ஒரு நாள் வைத்திருந்து, மில்லி கிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கையும் காட்டவல்ல தராசில் நிறுப்பர். கைவிரல் பட்டாலும் எடை மாறிவிடும் ஆதலால் இடுக்கியால் மட்டுமே அதனைத் தொடுவர். பிறகு காற்றை உறிஞ்சும் பொறியில் அதனைப் பொருத்துவர். பொறியின் வாயில் பெரிய துகள்களை விலக்கும் அமைப்பு ஒன்று இருக்கும். 24 மணி நேரம் காற்று அவ்வடிதாள் வழியே செல்லும். மீண்டும் அறையில் வைத்துப் பதப்படுத்தி நிறுப்பர். கூடிய எடையே தூசு.

ஓர் எடுத்துக்காட்டு கூறுவோம். நுண்தூசுப் பொறி ஒன்று நிமிடத்துக்கு 16.7 லிட்டர் காற்றை உறிஞ்சுகின்றது. ஒரு நாளைக்கு 1,440 நிமிடம். ஆகவே ஏறத்தாழ 24,000 லிட்டர், அதாவது 24 கன மீட்டர் காற்று அதனுட் செல்கின்றது. வடிதாளின் எடை 1,440 மைக்ரோ கிராம் கூடியிருந்தால், 1,440 ஐ 24 ஆல் வகுக்க 60 வரும். அந்நாளில் அவ்விடத்துக் காற்றில் கன மீட்டருக்கு 60 மைக்ரோ கிராம் நுண்தூசு இருந்தது என்பது பொருள். எட்டாம் வகுப்பு மாணவனும் செய்யக்கூடிய வகுத்தல் கணக்கே இது. இதில் மறைபொருள் ஒன்றுமில்லை.

வேறொரு முறையும் உண்டு. வடிதாள் நாடாவில் படியும் தூசினூடே பீட்டாக் கதிரைச் செலுத்தி, கதிர் எவ்வளவு குறைகின்றது என்பதைக் கொண்டு தூசின் எடையை அறிவர். இம்முறையில் மணிதோறும் அளவு கிடைக்கும். ஒளியைச் சிதறச் செய்து அளக்கும் சிறு கருவிகள் மூன்றாம் வகை. இவை விலை மலிந்தவை; ஆனால் ஈரப்பதம் மிகுந்த காலத்தில் நீர்த்துளியையும் தூசாகக் கருதி மிகைப்படுத்திக் காட்டும் இயல்பின.

இந்திய அரசு 1981 ஆம் ஆண்டில் காற்று மாசுத் தடுப்புச் சட்டத்தை இயற்றியது. 1982 ஆம் ஆண்டில் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அமைந்தது. 2009 நவம்பரில் அறிவிக்கப்பெற்ற தேசிய வரம்பின்படி, நுண்தூசு ஆண்டுச் சராசரியாக 40 மைக்ரோ கிராமுக்கும், ஒரு நாளைக்கு 60 க்கும் மேற்படலாகாது. பத்து மைக்ரோ மீட்டர்த் தூசுக்கு ஆண்டு வரம்பு 60, நாள் வரம்பு 100. உலகச் சுகாதார நிறுவனம் 2021 ஆம் ஆண்டில் வகுத்த நெறியோ நுண்தூசுக்கு ஆண்டுச் சராசரி 5, நாள் அளவு 15 என்கின்றது. நம் நாட்டு வரம்புக்குள் அடங்கிய காற்றும் உலக நெறியின்படி தூய காற்று ஆகாது என்பதனை இளைஞர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

சென்னையும் அதன் சுற்றுப்புறமும்

சென்னைக்குக் கடல் ஒரு பெருந்துணை. பகற்பொழுதில் கடற்காற்று வீசி நகரத்துப் புகையை உள்நாட்டுக்குத் தள்ளிவிடுகின்றது. ஆனால் மார்கழி, தை மாதங்களின் இரவிலும் விடியலிலும் தரையருகே குளிர்ந்த காற்றும் அதன்மேல் வெதுவெதுப்பான காற்றும் அமைய, புகை மேலெழ இயலாமல் மூடியிட்ட பானைபோல் அடங்கிக் கிடக்கின்றது. போகியன்று டயரும் பழம்பொருளும் எரிக்கும்போது என்ன நேர்கின்றது என்பதை 2018 ஜனவரியில் கண்டோம். புகையும் பனியும் கலந்து விமானங்கள் இறங்க இயலாமற் போயின.

வட சென்னையின் நிலை தனித்துக் கூறத்தக்கது. மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் இரசாயன ஆலைகளும் உள்ளன. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970 இல் தொடங்கி 2017 இல் மூடப்பட்டது. அத்திப்பட்டில் வட சென்னை அனல்மின் நிலையமும், வல்லூரில் 1,500 மெகாவாட் நிலையமும் எழுந்தன. 2009 ஆம் ஆண்டில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடெங்கும் மிகக் கடுமையாக மாசுற்ற 43 தொழிற்பகுதிகளைப் பட்டியலிட்டபோது அதில் மணலியும் இடம்பெற்றது.

சென்னைத் துறைமுகத்தின் வரலாறு நமக்கு ஒரு பாடம். அங்கு நிலக்கரியும் இரும்புத் தாதும் இறக்கி ஏற்றப்பட்டதால் இராயபுரம் பகுதி வீடுகளில் கருந்தூசு படிந்தது. சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2011 ஆம் ஆண்டில் அவ்வேலை அங்கே நிறுத்தப்பட்டது. இராயபுரத்தார்க்கு அது வெற்றியே. ஆனால் நிலக்கரி எங்கே சென்றது? எண்ணூர்த் துறைமுகத்துக்குச் சென்றது. தூசு ஒழியவில்லை, இடம் பெயர்ந்தது. ஒரு பகுதியின் நலம் மற்றொரு பகுதியின் துன்பமாக மாறுவதைத் தடுக்க வேண்டுமானால், இரண்டு இடத்திலும் அளவீடு இருத்தல் வேண்டும்.

நகரின் வடக்கே கொடுங்கையூரும் தெற்கே பெருங்குடியும் மாநகரத்தின் குப்பையை நெடுங்காலமாகச் சுமந்து வந்தன. 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பை மேடு பற்றியெரிந்து பல நாள் புகைந்தது. குப்பை எரியும் புகை, விறகுப் புகையினும் நஞ்சு மிக்கது. ஊர்ப்புறத்தில் நம் தாய்மார்கள் அடுப்பங்கரையில் உட்கொள்ளும் புகையையும் மறத்தலாகாது. போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்து ஆய்வாளர்கள் தமிழ்நாட்டுச் சிற்றூர்களின் சமையலறைக் காற்றைப் பல ஆண்டுகளாக அளந்து வந்துள்ளனர். விறகடுப்பு எரியும் வேளையில் அச்சிற்றறையின் தூசு, நகரத்து நெரிசல் மிக்க சாலையையும் விஞ்சி நிற்கும்.

எண்ணைப் படிக்கும் முறை

எண் உண்மையைக் கூறும். ஆனால் கேட்ட கேள்விக்கு மட்டுமே விடை கூறும். ஆதலால் எண்ணைப் படிக்கும்போது மூன்று கேள்விகளை எழுப்ப வேண்டும்.

முதற் கேள்வி: எங்கே அளந்தார்கள்? விதிப்படி பொறியின் வாய் தரையிலிருந்து 3 முதல் 10 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். நகரத்தின் பொதுக் காற்றை அறிய அதுவே முறை. ஆனால் துடைப்பம் பிடித்துக் குனிந்து பெருக்கும் தோழியரின் மூக்கு அவ்வுயரத்தில் இல்லை. அவர் எழுப்பும் தூசு முதலில் அவரையே சேர்கின்றது. அதனை அளக்க வேறு கருவி உண்டு. இடுப்பில் சிறு உறிஞ்சியும், மூக்கின் அருகே சட்டைக் கழுத்தில் வடிதாளும் பொருத்தி, வேலை நேரம் முழுதும் அணிந்திருக்கச் செய்வர். நகர நிலையத்தின் எண்ணைக் காட்டித் துப்புரவுத் தொழிலாளர்க்குக் கேடில்லை என்று எவரேனும் கூறினால், அவர் அளந்தது வேறொருவரின் காற்று என்று விடையிறுக்கலாம்.

இரண்டாம் கேள்வி: எப்பொழுது அளந்தார்கள்? வடிதாள் முறையில் வாரத்துக்கு இருமுறை, ஆண்டுக்கு 104 நாள் அளப்பது தேசியத் திட்டத்தின் வழக்கம். எஞ்சிய 261 நாளின் காற்று அக்கணக்கில் நேரடியாக ஏறுவதில்லை. தொடர் அளவீட்டு நிலையங்கள் இக்குறையை நீக்குகின்றன. சென்னையில் முதலில் ஆலந்தூர், மணலி முதலிய சில இடங்களிலேயே இருந்த அவை, பின்னர்க் கொடுங்கையூர், இராயபுரம், பெருங்குடி, அரும்பாக்கம் ஆகிய பகுதிகளுக்கும் வந்தன. இது வரவேற்கத்தக்க வளர்ச்சி.

மூன்றாம் கேள்வி: எதன் சராசரி? முன்னர்க் கூறிய 60 என்னும் எண்ணையே கொள்வோம். நாள் முழுதும் ஒரே சீராக 60 இருந்தாலும் சராசரி 60. இருபத்து மூன்று மணி நேரம் 40 ஆகவும், குப்பை எரிந்த ஒரு மணி நேரம் 520 ஆகவும் இருந்தாலும் சராசரி அதே 60. இரண்டு நாளும் வரம்பைத் தாண்டாத நாளே. ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் மூச்சிரைப்பு நோயுள்ள குழந்தை படும் பாட்டைச் சராசரி காட்டாது.

மற்றொன்றும் கூறவேண்டும். நாளிதழ்களில் வரும் காற்றுத் தரக் குறியீடு மைக்ரோ கிராம் அன்று. 2015 ஆம் ஆண்டில் வெளியான அக்குறியீட்டில், நுண்தூசு 60 மைக்ரோ கிராம் எனில் குறியீட்டெண் 100. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு மனு எழுதினால், முதல் வரியிலேயே நம் மனு தள்ளப்படும்.

நாம் செய்யத்தக்கவை

அண்ணல் அம்பேத்கர் 1919 இல் சவுத்பரோ குழுவின் முன்னும், 1928 இல் சைமன் குழுவின் முன்னும் தோன்றியபோது, வெறும் குறைகளைக் கூறி நிற்கவில்லை. மக்கள்தொகைக் கணக்கையும் வாக்காளர் கணக்கையும் எடுத்து வைத்து வாதாடினார். கண்ணீர் இரக்கத்தைப் பெற்றுத் தரலாம். கணக்கே உரிமையைப் பெற்றுத் தரும். அவ்வழியில் நம் கழகத்து இளைஞர்களிடம் சிலவற்றை வேண்டுகின்றோம்.

அறிவியல் பயிலும் மாணவர்கள் இரண்டு மூன்று சிறு கருவிகளைப் பெற்றுப் பழக வேண்டும். வாங்கியவுடன் அதன் எண்ணை நம்பிவிடலாகாது. அரசு நிலையத்தின் அருகே சில வாரம் அதனை வைத்து, இரண்டும் காட்டும் எண்களை ஒப்பிட்டு, வேறுபாட்டைக் கண்டறிந்து திருத்திக்கொள்ள வேண்டும். பிறகு குறிப்பேடு ஒன்றில் நாள், நேரம், இடம், காற்று வீசும் திசை, மழை, அருகில் எரிந்த பொருள் ஆகியவற்றைத் தவறாமல் எழுத வேண்டும். புகை மிகுந்த நாளில் மட்டும் அளந்து, தெளிந்த நாளை விட்டுவிடுதல் கூடாது. அது நமக்குச் சாதகமாகத் தோன்றினும் பொய்க் கணக்கே. நம் எண்ணில் ஒன்று பொய்யென்று தெரிந்தால், மெய்யான நூறும் மதிப்பிழக்கும்.

சட்டம் பயில்வோர், 2005 ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே அரசு அளவீடுகளைக் கேட்டுப் பெறலாம். குப்பையைத் திறந்த வெளியில் எரித்தலை 2016 ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள் தடைசெய்தன என்பதைத் தொழிலாளர்க்கு எடுத்துரைக்கலாம். குவித்த சருகுக்குத் தீ வைக்கும்படி மேற்பார்வையாளர் கூறினால், மறுத்துரைக்கச் சட்டம் துணைநிற்கும் என்பதை அவர் அறிதல் வேண்டும். அப்புகையை முதலில் உட்கொள்பவர் அவரே. நம் தெருவிலும் போகித் தீயில் டயர் இடுவதை நாமே நிறுத்த வேண்டும். பிறர் புகையைக் குறைகூறும் நாம் நம் புகையையும் கணக்கில் எழுதவேண்டும் அன்றோ?

ஓர் எச்சரிக்கையும் உண்டு. நகரைத் தூய்மையாக்கும் முயற்சியில் கூவம், அடையாறு ஆகியவற்றின் கரையில் வாழ்ந்த மக்கள் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் பெயர்க்கப்பட்டனர். பிழைப்பும் பள்ளியும் தொலைவாயின. நாளை நாம் அளந்து தரும் எண்ணையே காட்டி, 'இவ்விடத்துக் காற்று வாழத் தகாதது; ஆதலால் நீங்கள் வெளியேறுங்கள்' என்று கூறும் நிலையும் வரலாம். அவ்வேளையில் நம் விடை தெளிவாக இருக்கவேண்டும். தூசு எங்கிருந்து புறப்படுகின்றதோ அங்கேயே அடக்கப்பட வேண்டும். அதனைச் சுவாசிக்கும் மக்களை அகற்றுதல் தீர்வாகாது. ஆகையால் நம் குடியிருப்பில் தூசு எவ்வளவு என்பதோடு, எத்திசைக் காற்றில் அது கூடுகின்றது, எந்த வேளையில் கூடுகின்றது என்பதையும் சேர்த்தே எழுதிவைக்க வேண்டும். மூலத்தைச் சுட்டாத அளவீடு நமக்கு எதிராகவே திரும்பக்கூடும்.

அன்பர்களே! ஒரு மனிதன் ஒரு நாளில் ஏறத்தாழ 10,000 லிட்டருக்கும் மேலாகக் காற்றை உட்கொள்கின்றான். குடிநீரைக் காய்ச்சிக் குடிக்கலாம். உணவைத் தேர்ந்து உண்ணலாம். காற்றை அவ்வாறு தேர்ந்தெடுக்க இயலாது. அடுத்த ஆண்டுக்குள் நம் கழகத்து மாணவர் குழுவொன்று நம் பகுதிக் காற்றை ஓராண்டு முழுதும் அளந்து, அறிக்கை ஒன்றைக் கழகப் பொதுக்குழுவில் வைக்க வேண்டும் என்பது நம் வேண்டுகோள். அதில் ஆண்களோடு பெண்களும் சரிபாதியாக இடம்பெற வேண்டும். துப்புரவுத் தொழிலாளர் இருவரேனும் உறுப்பினராக இருக்க வேண்டும். எந்தத் தெருவில் எந்த நேரத்தில் என்ன எரிகின்றது என்பதை அவர்களைவிட நன்கறிந்தவர் எவருமிலர்.